சித்தி கொடுத்த சாவி: நூறு வருடத் தையல் பெட்டி யாருக்குச் சொந்தம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து இப்போது கோவையில் ஆசிரியையாக இருக்கும் 46 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பூட்டி, அதாவது அம்மாவின் பாட்டி, நாகர்கோவில் பக்கம் மிஷன் போர்டிங் பள்ளியில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்று, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1890-களில் தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மையார் தன் தையல் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கருஞ்சிவப்பு மரப் பெட்டி, மூடியில் முத்துச்சிப்பி பதித்த பூ, உள்ளே தூக்கி எடுக்கிற தட்டு, நூல் சுற்றும் வெள்ளைக் கட்டைகள், ஒரு வெள்ளை ஊசிக்கூடு, விரலில் மாட்டும் வெள்ளி அங்குஸ்தான். பூட்டியிடமிருந்து பாட்டிக்கு வந்தது. வீட்டில் நன்றாகத் தைப்பவள் என்பதால் பாட்டி அதை 1980-களில் திருமணமாகாத கடைசி மகளுக்கு, வாசகியின் சித்திக்கு, கொடுத்துவிட்டார். சித்தி போன வருடம் புற்றுநோயில் இறந்துபோனார். உயில் இல்லை. இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு படுக்கையிலிருந்தபடி பெட்டியின் சாவியை வாசகியின் கையில் வைத்து ஏதோ சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சரும் பெரிய மாமாவின் மனைவியும் அப்போது அறையில் இருந்தார்கள்.

இப்போது பெட்டி பெரிய மாமா வீட்டில், சாவி கோவையில். "நம்ம பழைய திருவிதாங்கூர் சட்டப்படி பொம்பளைக்குப் பங்கு கிடையாது" என்கிறார் மாமா. இறந்துபோன சின்ன மாமாவின் மகன் அதை லண்டனுக்கு எடுத்துப்போய் விற்க நினைக்கிறார். சபைக்காரர் ஒருவர் அது மிஷன் சொத்து என்கிறார். நூறு வருடம் தாண்டியதால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று வேறொருவர் பயமுறுத்தியிருக்கிறார். சித்தி எழுதிக் கொடுத்ததுபோல பழைய தேதி போட்ட முத்திரைத்தாள் தயாரிக்கலாம் என்று யோசனை சொன்னவரும் உண்டு. "விக்டோரியா ராணி அனுப்பிய பெட்டி கைவிட்டுப் போய்விடுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெட்டியின் மரம், பூ, பூட்டு எல்லாவற்றையும் அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சாவியைக் கொடுத்தபோது சித்தி சொன்ன வார்த்தை என்ன என்பதை மட்டும் "எனக்குத்தான் என்ற மாதிரி சொன்னார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் பெட்டியைப் பற்றி ஒரு விஷயம்.

ராணி அனுப்பியதா?

உங்கள் வீட்டில் இந்தக் கதையை எவ்வளவு ஆசையாகச் சொல்லி வளர்த்திருப்பார்கள் என்று புரிகிறது. ஆனால் விக்டோரியன் பெட்டி என்றால் அந்த ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் செய்தது என்றுதான் பொருள். அவர் அனுப்பியது என்று பொருளில்லை. அரச பரிசு போனது எதிர்த்திசையில். திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உங்கள் பெட்டி ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த ரேந்தைத் தொழில்தான் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசைக் கொடுத்தது. உங்கள் பூட்டி அந்த வரிசையில் வந்தவர். ராணிக் கதையை வழக்கில் சொன்னால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே அதை உடைத்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைகளையும் சந்தேகிப்பார்கள். ரேந்தை டீச்சர் கதையைச் சொல்லுங்கள். போர்டிங் பதிவேட்டில் பூட்டியின் பெயர் இருந்தால் நகல் வாங்கி வையுங்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், நீதிமன்றம் அதை உண்மையானது என்று அனுமானிக்கலாம்.

பெட்டியே சில சாட்சி சொல்லும். மூடியின் உட்புறத்தில் செய்தவர் அல்லது விற்ற கடையின் தாள் ஒட்டியிருக்கலாம். அங்குஸ்தானின் உள்விளிம்பில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். 'தொற்காள்' என்ற பெயரை ஆங்கிலத்தில் (DORCAS) பொறித்திருந்தால் அது 1884-க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தப் பெயரில் வந்த அங்குஸ்தானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வருடம் அது. யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு அங்கிகள் தைத்துக்கொடுத்த தொற்காளின் பெயர்தான், வேதாகமத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த மாதிரிப் பெட்டிகளில் மூடிக்குள் கடிதம் வைக்கப் பட்டுத்துணியில் ஒரு பை வைப்பது வழக்கம். சிலவற்றில் உள்ளிருந்து ஒரு பித்தளை ஊசியைத் தூக்கினால் பக்கவாட்டில் திறக்கும் சிறு இழுப்பறையும் இருக்கும். சித்தி இறந்த பிறகு பெட்டியை யாருமே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே என்ன தாள் இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. பூட்டை உடைக்க ஆசாரியைக் கூப்பிடப்போவதாக மாமா சொல்வதை நீங்கள் உடனே தடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சபைக்காரர் சொல்வதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அந்த அம்மையார் தன் சொந்தப் பெட்டியைக் கொடுத்தார், நூறு வருடத்துக்கு மேலாக உங்கள் குடும்பத்தில் இருக்கிறது, யாரும் திருப்பிக் கேட்டதில்லை. மிஷன் சொத்து என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

சாவி

அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்க எழுத்தே வேண்டியதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, பதிவுப் பத்திரம் மூலமாகவோ பொருளை ஒப்படைப்பதன் மூலமாகவோ கொடுக்கலாம் என்கிறது. பாட்டி சித்திக்குக் கொடுத்தது இப்படித்தான் முழுமையானது. சித்தி முப்பது வருடத்துக்கு மேல் தன் வீட்டில், தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், மாமாக்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

சித்தியிடமிருந்து உங்களுக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. பெட்டி இடம் மாறவில்லை, சாவிதான் கைமாறியது. "அது ஒப்படைப்பு ஆகாது" என்று உங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவர்களான உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 191-ஆவது பிரிவு, மரணத்தை எதிர்பார்த்துக் கொடுக்கும் தானத்தைப் பற்றிப் பேசுகிறது. நோயில் இருக்கும் ஒருவர், அந்த நோயிலேயே சீக்கிரம் இறந்துவிடுவோம் என்று எதிர்பார்த்து, தான் இறந்தால் நீ வைத்துக்கொள் என்று ஓர் அசையும் பொருளை ஒப்படைத்து, அந்த நோயிலேயே இறந்தும் போனால், பெற்றவருக்கு அது சொந்தம். அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்றைப் படித்தால் அசந்துபோவீர்கள்: நோய்ப்படுக்கையில் இருப்பவர் ஒரு டிரங்குப் பெட்டியின் சாவியை, அதற்குள் இருப்பது மீதான கட்டுப்பாட்டைக் கொடுக்கும் எண்ணத்தோடு, இன்னொருவர் கையில் கொடுக்கிறார். அவர் இறந்தபின் பெட்டியும் உள்ளே இருப்பதும் சாவி பெற்றவருக்கே. ஏறக்குறைய உங்கள் கதைதான்.

ஆனால் எல்லாமே சித்தியின் சொல்லைப் பொறுத்தது. "நான் போயிட்டா இது உனக்கு, வச்சுக்கோ" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தால் 191 உங்களுக்கு நேராகப் பொருந்தும். "இனிமே இது உன்னுது" என்று அப்போதே கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தால் சாதாரணத் தானம் என்றே வாதாடலாம். வெறுமனே "பத்திரமா வச்சிரு, தொலைச்சுடாதே" என்று மட்டும் சொல்லியிருந்தால் நீங்கள் சாவியைப் பாதுகாத்தவர், அவ்வளவுதான். பெட்டி வாரிசுகள் எல்லாருக்கும் போகும். "உனக்குத்தான்னு நினைச்சிருக்கேன்" என்று சாவி கொடுக்காமல் எப்போதோ சொன்னதெல்லாம் வாய்மொழி உயில் மாதிரி, அது நிற்காது. எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி இருந்தால்தான் உயில்.

அதனால் இன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து அந்த நாள் நடந்ததை எழுதுங்கள். எந்த நேரம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், சித்தி சொன்ன சொல் அவர் பேசின பேச்சிலேயே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எல்லாமே. உங்களுக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காதீர்கள். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதுங்கள். நாம் விரும்புவது மெல்ல மெல்ல நாம் கேட்டதாகவே மாறிவிடும், இதை எத்தனையோ நல்ல மனிதர்களிடம் பார்த்திருக்கிறேன்.

பழைய தேதி முத்திரைத்தாள் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். அது போலி ஆவணம், குற்றம். உண்மையான சாட்சி இரண்டு பேர் இருக்கும் வழக்கை நீங்களே குழியில் தள்ளிவிடுவீர்கள். அந்த யோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், அவரிடம் இதைப்பற்றி இனிமேல் பேசவும் வேண்டாம்.

"பொம்பளைக்குப் பங்கு கிடையாது"

மாமா சும்மா சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தது. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் அங்கே உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970-களில் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகள் வந்தன. மாமா இளவயதில் கேட்டு வளர்ந்தது அதைத்தான். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டிவிட்டது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, பழைய திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறிஸ்தவர்களுக்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டம்தான். சித்தி இறந்தது போன வருடம். அவருடைய சொத்தில் பழைய சட்டம் நுழைய வழியே இல்லை.

தானம் நிரூபணமாகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருமணமாகாமல், பெற்றோரும் இல்லாமல் இறந்த சித்தியின் சொத்து, 47-ஆவது பிரிவுப்படி, உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் போகும், ஆண் பெண் வித்தியாசமில்லை. முன்பே இறந்தவரின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. பெரிய மாமாவுக்கு மூன்றில் ஒன்று. சின்ன மாமாவின் மகன்கள் இருவருக்கும் ஆறில் ஒன்று வீதம். இறந்துபோன உங்கள் அம்மாவின் பங்கில் உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் ஆறில் ஒன்று வீதம். ஆக, மோசமான நிலையிலும் மாமாவால் தனியாக விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ முடியாது. இதற்கு நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது கடன், வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு. தாசில்தார் தரும் சட்ட வாரிசுச் சான்று கையில் இருந்தால் உதவும்.

அரசாங்கத்துக்குப் போகுமா, லண்டனுக்குப் போகுமா?

இரண்டும் இல்லை. மண்ணுக்குள் புதைந்து கிடைத்தால்தான் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வரும். வீட்டில் வழிவழியாக வந்த பெட்டிக்கு அது பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கைவேலைப் பொருள் தொல்பொருளாகலாம், இங்கிலாந்தில் செய்தது என்பதால் விலக்கு கிடையாது. ஆனாலும் உரிமை உங்களுடையதுதான். சிற்பம், ஓவியம், ஓவியம் தீட்டிய சுவடி போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைத்தான் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதற்குத்தான் தடை. தனிநபர் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது, மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. லண்டன் மாமா மகனிடம் கோபமில்லாமல் இதைச் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் சூட்கேஸைத் திறந்து பிடிபட்டால் அவர் வாழ்க்கைதான் பாழாகும். விலையைப் பற்றியும் அவருக்குத் தவறான எண்ணம் இருக்கலாம். இந்த மாதிரிப் பெட்டிகள் இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டன.

அந்த வெள்ளைச் சாமான்கள்

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டது இதுதான், என்னைத் தூங்கவிடாததும் இதுதான். நூல் கட்டைகளும் ஊசிக்கூடும் எதனால் செய்தவை? மாட்டெலும்பாக இருக்கலாம், தந்தம் மாதிரியே இருக்கும் ஒரு பனை விதையாகவும் இருக்கலாம், அப்படியானால் பிரச்சினை இல்லை. யானைத் தந்தமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வரும். அது ஆப்பிரிக்க யானையா நம்ம ஊர் யானையா என்பதெல்லாம் விற்பனைக்கு விலக்குத் தராது, பழசு என்பதும் தராது. விற்கவே முடியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், கோடுகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

தந்தம் என்று தெரிந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமைச் சான்றிதழ் இல்லாதவர் தந்தப் பொருளைப் புதிதாகப் பெறுவதற்குச் சட்டம் விட்டுவைத்த வழி வாரிசுரிமை. வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதாவது பெட்டிக்கு "தானமாக வந்தது" என்று சொல்வது உங்களுக்கு நல்லது, தந்தத் துண்டுகளுக்கு அதையே சொன்னால் உங்களுக்கே ஆபத்து. மரணத்தை எதிர்பார்த்துக் கொடுத்தது தானமா வாரிசுரிமையா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு, ஆனால் நீங்கள் அந்த வாதத்தின் சோதனைப் பொருளாக வேண்டாம். பெட்டியை உங்களுக்கு வந்த தானமாகவும், தந்தத் துண்டுகளை வாரிசுகள் அனைவருக்கும் வந்தவையாகவும் பிரித்து வைத்து, எல்லாருமாகச் சேர்ந்து அறிவிப்புக் கொடுப்பதுதான் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. 90 நாள் தாண்டிவிட்டது, உண்மை. அதை மறைக்காமல், சித்தியின் இறப்புச் சான்று, பெட்டியின் புகைப்படம், குடும்ப வரலாறு எல்லாவற்றோடும் ஒரு வழக்கறிஞரை வைத்து மாவட்ட வன அலுவலரிடம் நீங்களாகவே போங்கள். தாமதத்தை மன்னிப்பார்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தானாக வந்து சொன்னவரும், விற்கும்போது பிடிபட்டவரும் ஒன்றல்ல. விற்று மாட்டினால் 3 முதல் 7 வருடம். ஒரு துண்டைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்து ஒளிக்கவோ எரிக்கவோ வேண்டாம்.

எப்படி நகர்த்துவது

வழக்கு போடலாம், ஆனால் அது கடைசியாக. முதலில் மாமாவுக்குப் பதிவுத் தபாலில் மரியாதையாக ஒரு கடிதம்: பூட்டை உடைக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம், எல்லாரும் இருக்கும்போது என் சாவியால் திறந்து, வீடியோ எடுத்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டுக் கையெழுத்திடுவோம். அவர் மறுத்தால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே இரு தரப்பும் சமரசமாகி லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பூட்டை உடைப்பார் என்று உண்மையிலேயே பயம் வந்தால் மட்டும் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேளுங்கள்.

சமரசத்தில் என்ன கேட்பீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். பெட்டி உங்களிடம் இருக்க, அங்குஸ்தானை மாமா வீட்டுக்குக் கொடுப்பீர்களா? சபை நூற்றாண்டு விழா மாதிரி நாட்களில் எழுத்துப்பூர்வமாக இரவல் தருவீர்களா? உங்களுக்குப் பிறகு யாருக்கு என்று இரண்டு சாட்சி வைத்து எழுதிவிடுவீர்களா? மாமாவுக்கு 80 வயதைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். அவரும் அவர் அம்மாவின் பெட்டியைத்தான் இழக்கிறார், அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

இனி அத்தை. சாவி கைமாறியபோது அந்த அறையில் இருந்தவர், இப்போது வாய் திறக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கணவருக்கு எதிராகப் பேசச் சொல்லி அவரை நெருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருவர் போதும், சட்டம் இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கவில்லை. ஆனாலும் உங்கள் நோட்டை எழுதி முடித்த பிறகு, முன்னால் இல்லை, அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். பெட்டி யாருக்கு என்று கேட்காதீர்கள். "அத்தே, அன்னைக்குச் சித்தி சாவியக் குடுக்கும்போது என்ன சொன்னா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.